மூடி திறக்காத சோடா

அக்கா,

இன்று லண்டன் டூட்டிங்கில் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போனேன். வாசலிலேயே, ஷாம்பூவுக்குப் பக்கத்துத் தட்டில், பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கென்று உள்ளாடைக்குள் வைக்கும் பாட் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டியில் ஒரு வெள்ளைக்காரி பல் தெரியச் சிரிக்கிறாள். பார்த்த அதிர்ச்சியில் எனக்கு இருமலே நின்றுவிட்டது. இந்த ஒன்றைச் சொல்ல வாய் வராமல்தானே நீங்கள் எங்களை அத்தனை வருடம் வதைத்தீர்கள்.

எண்பதுகளில் நாம் ஒரே தெருவில் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் என்னை விம்பிள்டன் கோயிலுக்குக் கூட்டிப்போக வருவீர்கள். கதிரையைக் காட்டினால் இருக்கமாட்டீர்கள், நின்றபடியே கதைப்பீர்கள். தேத்தண்ணி என்றால், "இப்பதான் குடிச்சிட்டு வாறன்." தண்ணீர்கூட வேண்டாம்.

ஊரில் உங்கள் சாதிக்காரர் எங்கள் வீடுகளில் கைநனைப்பதில்லை. மரியாதைக்கு ஒரு சோடா வாங்கி வைத்தால், எங்கள் கை படாமல் தாங்களே மூடியைத் திறந்து குடித்துவிட்டுப் போவார்கள். லண்டனுக்கு வந்தும் இது விடவில்லையா என்று என் கணவர் கொதித்தார். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு போத்தல் சோடா வாங்கிவந்து, மூடியோடு உங்கள் முன்னால் வைத்தார். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "வேண்டாம் தம்பி" என்றீர்கள். அன்று நான் அழுதேன். ஆனாலும் அடுத்த வெள்ளி உங்களோடுதான் புறப்பட்டேன். இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

தொண்ணூறுகளில் நான் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எங்கள் பெண்களின் சாப்பாட்டையும் இருதயத்தையும் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. தேங்காய்ப்பால் எவ்வளவு, பொரியல் எத்தனை நாள், கீரையும் பயறும் உண்டா என்று கேட்பார்கள். நெஞ்சு நோவுக்காக வந்த உங்களையும் அதற்கு அனுப்பியிருந்தார்கள். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தீர்கள்.

உணவு ஆலோசகர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டதும் நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள்.

"காலமை ஒரு தேத்தண்ணி. பிறகு வீட்டுக்கு வந்தாப் பிறகுதான்."

ஏன் என்று அவர் கேட்டார்.

"அடக்கேலாது. சின்னவன் பிறந்ததிலையிருந்து அப்பிடித்தான். மற்றாக்களின்ர வீட்டுக் கதிரை நனைஞ்சிடுமெண்டு இருக்கிறதுமில்லை."

ஆலோசகர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதைக் கேட்டபடி சொல்லவேண்டும், அறையில் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. அது எங்கள் வேலையின் கட்டளை. சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நிறையப் பெண்களுக்கு உள்ளதுதான், தண்ணீரைக் குறைத்தால் இன்னும் மோசமாகும், இடுப்புத் தசைக்குப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் குணமாகும் என்றார். நீங்கள் அவரை நம்பாமல் என்னைப் பார்த்தீர்கள். அவர் பெண்கள் கிளினிக்குக்கு எழுதித் தந்தார்.

பஸ் தரிப்பிடத்தில் நீங்களாகவே கேட்டீர்கள்.

"அண்டைக்கு உம்மட அவர் சோடா வைச்சது ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"ஏன் வைச்சவர் எண்டு எனக்கு அப்பவே விளங்கினது."

"அப்ப ஏன் அக்கா பேசாமல் இருந்தனீங்கள்?"

"சாதி பார்க்கிறாள் எண்டு நினைச்சா நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன். மூத்திரம் போறவள் எண்டு தெரியிறதைவிட அது எனக்குச் சுகமா இருந்தது."

இதைவிட நீங்கள் என்னை அறைந்திருக்கலாம். எங்களை இத்தனை வருடம் எரித்த ஒன்று, உங்கள் மானத்தை மூட ஒரு சீலையாக இருந்திருக்கிறது. அந்தக் கோபத்தோடேயே உங்களைக் கைபிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

பயிற்சியால் மெல்லக் குணம் கண்டது. ஒருநாள் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். என் கணவர் வாயைப் பிளந்தார். பிறகு அவர் துருவித் துருவிக் கேட்டும் நான் காரணம் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலைக் குறைத்தீர்கள், பொரியலை விட்டீர்கள். என்ன விட்டும், அந்த மாரிக் குளிரில் நெஞ்சு உங்களை விடவில்லை.

செத்தவீட்டில், பின்வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல மனுசிதான். ஆனா சரியான சாதித்தடிப்பு. என்ர வீட்டிலை ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லை." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில்தானே அது அதிகம் சுட்டிருக்கும், நான் இன்னும் நாலு வார்த்தை சேர்ப்பேன் என்று.

ஒரு சொல் போதும், உங்கள்மேல் இருந்த அந்தப் பழி போயிருக்கும். பெட்டிக்குள் உங்கள் முகத்தைப் பார்த்தேன். எது உங்களுக்குச் சுகமென்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அது எனக்கு இன்றுவரை சுகமாக இல்லை, அக்கா.