சிவப்புக் கட்டைவிரல் கையுறை

டக்கெட் துறை,
நியூஃபவுண்ட்லாந்து.
1961 ஜனவரி 5, வியாழக்கிழமை.

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது.

உன் அப்பாவின் இடுப்பையும் என் கடைவாய்ப் பல்லையும் விட்டுவிட்டுப் பார்த்தால் இங்கே நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் சுகம் என்பதை உன் கையெழுத்திலேயே பார்க்கக் கர்த்தர் அருள் செய்யட்டும். உன் கடைசிக் கடிதம் செப்டம்பர் பத்தாம் தேதி தென் அமெரிக்காவின் கோடியில் இருக்கிற புன்டா அரீனாஸில் போட்டது, ஒரு சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் வேலை கிடைத்துவிட்டது, கப்பல் இன்னும் தெற்கே போகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் தபால் படகு எட்டு முறை வந்து போய்விட்டது. ஒவ்வொரு முறையும் உன் அப்பா சவரம் செய்துகொண்டு துறைக்குப் போகிறார், ஏதோ நீயே இறங்கி வரப்போவதுபோல. வெறுங்கையோடு திரும்பி வந்து, அங்கே தபால் எடுக்க ஆள் இருக்காதுடி, பென்குயினா தபால்காரன் வேலை பார்க்கும் என்று எனக்குச் சமாதானம் சொல்கிறார். நானும் சிரிக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்வது.

ஊர்ச் செய்தி அதிகம் இல்லை. நிலவறையில் உருளைக்கிழங்கு பாதி அழுகிவிட்டது, காரட் பரவாயில்லை. கடைக்கார ஹெர்பர்ட் இன்னும் பெருத்துவிட்டார், கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சுக்குப் புதுக் கால் போட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னப் பெண் ஆசிரியையாக வந்திருக்கிறாள், கார்லண்ட் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறாள், பாவம், கடலைப் பார்த்தாலே பயப்படுகிறாள். இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு நீ இல்லாததால் கிஸ்மிஸ் போட்டுத் துணியில் கட்டி அவிக்கும் புட்டைச் செய்ய வேண்டாம் என்றிருந்தேன், உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் செய்தேன், செய்தபிறகு அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை, கோழிகள்தான் சாப்பிட்டன. அங்கே கப்பலில் என்னத்தைச் சாப்பிடுகிறாயோ. ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடக்கிற பெண் நீ, எனக்குத் தெரியும். முதலில் ஒரு தட்டு உனக்கென்று எடுத்து வை, பிறகு பரிமாறு.

சாமான் அறைச் சுவரில் அப்பாவின் பழைய கடல் வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தேனே, சுவர் இடுக்கில் காற்று வராமல் இருக்க, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. துணி துவைக்கும் நாளில் உன்னை மாவுப் பீப்பாயின் மேல் உட்காரவைத்து அதில் இருக்கிற ஊர்ப் பெயர்களையெல்லாம் விரல் வைத்துப் படித்துக் காட்டுவேன். கீழே போகப் போக வரைபடம் கிழிந்துபோயிருக்கும். இதுக்கப்புறம் என்னம்மா என்று கேட்பாய். அடுத்த இடம் இதவிட நல்லாருக்கும் என்பேன். கைக்கு வந்த பதில், அவ்வளவுதான், எனக்கு என்ன தெரியும், நான் போனதெல்லாம் பக்கத்துத் துறை வரைக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் பாஸ்டனில் ஒரு வீட்டில் வேலைக்கு என்று நானும் பெட்டி கட்டிக்கொண்டு இதே துறையில் நின்றேன். படகு வந்தது, படகு போனது, நான் நின்றேன். என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஊரில் காரணம் சொன்னேன். காய்ச்சலெல்லாம் இல்லை, படகில் ஏறப் போட்ட பலகையில் கால் வைக்கத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கும் படகு ஊதினால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஊர் உன்னைச் சொல்கிறது, அந்தச் சக்கரத்தைக் கட்டிவிட்டது நான்தான். உன் கடிதங்களை அப்பாவுக்கு நான்தானே படித்துக் காட்டுகிறேன், அவருக்கு எழுத்துக் கூட்டவும் வராது. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் நீ எழுதுகிற அந்த ஒரு வரியை, அடுத்த இடம் இதைவிட நன்றாக இருக்கும் என்பதை, நான் அவருக்குப் படித்ததே இல்லை. மனசு உடைந்துபோவார் என்று விழுங்கிவிடுவேன். ஆகவே அந்த வரி உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன வியாழக்கிழமை, கிறிஸ்துமஸ் கழிந்து நாலாம் நாள், வேஷக்காரர்கள் வந்தார்கள், வருஷாவருஷம்போல முகத்தை மூடிக்கொண்டு, யாரென்று கண்டுபிடி பார்ப்போம் என்று வீடு வீடாக. நாலரை மணிதான் இருக்கும், இருட்டிவிட்டது, நான் ரொட்டி மாவை அடுப்புப் பக்கம் வைத்து மூடிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, வேஷக்காரங்க உள்ள வரலாமா என்று அந்த மூச்சை உள்ளே இழுத்துப் பேசுகிற குரலில் கேட்டார்கள். வாங்க வாங்க, பனியை உதறிட்டு வாங்க என்றார் உன் அப்பா. ஐந்து பேர். முகத்தில் ஜன்னல் திரைத் துண்டு, முதுகில் தலையணைக் கூன், ஆண் பாவாடையில், பெண் எண்ணெய்க் கோட்டில், எல்லோர் கையிலும் கையுறை, வழக்கம்போலத்தான். குதித்துக் குதித்து ஆடியதில் தட்டு அலமாரி கடகடத்தது. உன் அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். முதலில் ஆடியதைப் பார்த்து, யோவ் கார்லண்ட், அந்தப் பாவாடை உன் பொண்டாட்டியோடதுய்யா, பாவம் அவ இப்ப எதை உடுத்தியிருக்காளோ என்றார். அவர் திரையைத் தூக்கிவிட்டு, அவ என் கால்சட்டையில நிக்கிறா, நல்லாப் பாரு என்றார். அப்படி அவர் மனைவி ஃப்ளோஸியும் பிடிபட்டாள். அவள் தம்பி ஹெட்லியை இருமலை வைத்து நான் கண்டுபிடித்தேன். நாலாவது அந்த ஆசிரியைப் பெண், உயரத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. நாலு பேரும் முகத்தைக் காட்டிவிட்டு, கேக்கும் சர்பத்தும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஐந்தாவது ஆள் ஆடவில்லை. வந்ததும் நேரே அடுப்போரம் விறகுப் பெட்டி மேல் போய் உட்கார்ந்தது. அந்தப் பெட்டியின் மூடி ஒரு பக்கம் கீல் உடைந்தது, தெரியாமல் உட்கார்ந்தவன் ஆளோடு உள்ளே போவான், ஹெட்லியே இரண்டு தடவை விழுந்திருக்கிறான். இந்த ஆள் கீழே பார்க்காமலே இடதுபுறம் ஒதுங்கி, ஒரு காலை மடித்து உட்கார்ந்தது. வீட்டில் அப்படி உட்காருவது யார் என்று உனக்கே தெரியும். உன் அப்பா ஒரு பெயர் சொன்னார், தலை ஆடியது, இல்லை. இன்னொன்று சொன்னார், இல்லை. மூன்றாவதாக ஒன்று சொன்னார், அதுவும் இல்லை. ஃப்ளோஸியும் கார்லண்டும் சிரித்தார்களே ஒழிய உதவிக்கு வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. மடியில் கிடந்த கை சாம்பல் நிறக் கையுறையில் இருந்தது, சுட்டுவிரலுக்குத் தனி உறை வைத்து நான் பின்னுகிற மாதிரி, இடது கையின் கட்டைவிரல் மட்டும் சிவப்பு. நீ கிளம்பிய வாரம் சாம்பல் நூல் தீர்ந்துபோய் அப்பாவின் காலுறையைப் பிரித்து அந்தக் கட்டைவிரலை முடித்தேனே, அதே சிவப்பு. அந்த மாதிரி உலகத்தில் ஒரு ஜோடிதான், அது உன்னோடு போனது.

கெசியா, நான் பெயரைச் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. சரியான பெயரைச் சொன்னால் வேஷக்காரர் திரையைத் தூக்கியே தீரவேண்டும், சொல்லாவிட்டால் வந்த மாதிரியே போய்விடலாம், அதுதானே முறை. அந்த ஜன்னல் திரைக்குப் பின்னால் என்ன இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் முகத்துக்குப் பயந்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைக்கார ஹெர்பர்ட்டு என்று உரக்கச் சொன்னேன். வீடே சிரித்தது, அவரை மூன்றாக வெட்டினால்தான் அந்த அளவு வருவார். அந்த ஆள் சிரிக்கவில்லை, இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டியது. பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றது. குளிர் அப்படி வீசியது, சமையலறையின் நடுவில் கதவைத் திறந்துவைத்த மாதிரி. காதோரம் குனிந்து, மூச்சை உள்ளே இழுத்தபடி, அடுத்த இடம் இதவிட நல்லாருக்கும் என்றது. அப்புறம் கையை நீட்டி, வர்றியா என்றது.

இப்போது எழுதப்போவதை அப்பாவிடம் சொல்லாதே. எனக்குப் பயம் போய்விட்டது. அந்த ஒரு நிமிடம் எனக்கு அடுப்பு, மாவு, இந்த வீடு, உன் அப்பா, எதுவும் ஞாபகம் இல்லை. பத்தொன்பது வயதில் வராத தைரியம் அப்போது வந்தது. அந்த வரைபடத்தின் கிழிந்த இடத்துக்கு அப்பால் என்ன என்று பார்த்துவிடலாம் என்று ஒரு சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. ஆணியிலிருந்து கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தும்விட்டேன். அப்போது உன் அப்பா, எங்கடி கெளம்பிட்ட, கெட்டில் பொங்குது பாரு என்றார். நான் திரும்பிக் கெட்டிலை இறக்கி வைத்தேன். நாற்பது வருடப் பழக்கம், கெட்டில் என்றால் கை தானாகப் போகிறது. மறுபடி பார்த்தபோது கதவு கொஞ்சம் திறந்திருந்தது, பனி உள்ளே விழுந்துகொண்டிருந்தது, விறகுப் பெட்டியில் யாரும் இல்லை. என்ன அவசரமோ உங்க ஆளுக்கு என்று கார்லண்டிடம் கேட்டார் அப்பா. எங்க ஆளா, நாங்க நாலு பேர்தானே வந்தோம், வாசல்ல நின்னுச்சு, உங்க சொந்தக்காரங்கன்னு சேத்துக்கிட்டோம் என்றார் அவர். ஃப்ளோஸி, பக்கத்துத் துறையிலேர்ந்து யாராச்சும் பனிமேல நடந்து வந்திருப்பாங்க என்றாள். ஒன்பது நாளாகப் படகு வரவில்லை, மலைப்பாதை இடுப்பளவு பனி. ஆனாலும் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுச் சீக்கிரமே எழுந்து போனார்கள். ஆசிரியைப் பெண் ஹெட்லியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், அதில் ஒரு கல்யாணம் வரும் பார்.

பாத்திரம் கழுவி முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், அடுப்புக்கு மேலே உன் ஆணியில், மூன்றாவது ஆணியில், அந்த இடது கையுறை மட்டும் தொங்கியது. ஈரமாக இருந்தது. இன்றோடு ஏழு நாள், இரவு பகலாக அடுப்பு எரிகிறது, என் போர்வையே அரை நாளில் காய்ந்துவிடும், இது காயவில்லை. பிழிந்தால் தண்ணீர் வருகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இந்த ஏழு நாளும் இருவரும் அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்து ஊறவைத்த கருவாட்டையும் உருளைக்கிழங்கையும் சாப்பிட்டுக்கொண்டு உருளைக்கிழங்கைப் பற்றியே பேசினோம். இன்று காலை வலை பின்னிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், நாளைக்குப் பழைய கிறிஸ்துமஸ், வேஷக்காரங்களுக்குக் கடைசி நாள் என்றார். ஆமாம் என்றேன். வந்தா இந்தத் தடவை பேரைச் சொல்லிடு என்றார். நீங்க சொல்லியிருக்கலாமே, மூணு பேர் சொன்னீங்களே என்று கத்தினேன். அவ வந்து உக்காந்த மாதிரியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, திரைக்குப் பின்னாடி என்ன இருக்குமோன்னு பயந்து வேணும்னுதான் தப்பாச் சொன்னேன், உனக்குத் தெரியலேன்னு நெனச்சேன், நீ ஹெர்பர்ட்டுன்னதும் உனக்கும் தெரியும்னு புரிஞ்சுபோச்சு என்றார். இருவரும் அழுதோம். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. பெற்றவர்கள் இருவரும் சேர்ந்து வீடு தேடி வந்த உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டோம் மகளே. மன்னித்துக்கொள்.

இப்படியெல்லாம் எழுதுகிறேனே தவிர, நீ அங்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் வெயிலில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு, அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரிப்பாய் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் சிரி. உன்னைத் திரும்பி வா என்று கட்டாயப்படுத்த மாட்டேன். போகிற ஆசை எப்படிப்பட்டது என்று எனக்கு இப்போது தெரியும், ஒரு கை கோட்டுக்குள் போட்டுப் பார்த்தவள் நான். போ, பார், ஆனால் கப்பல் தளம் ஈரமாக இருக்கும்போது ஓடாதே, கம்பியைப் பிடித்துக்கொள், நெஞ்சுக்கு ஃபிளானல் போட்டுக்கொள், ஞாயிற்றுக்கிழமை வேதத்தில் ஒரு சங்கீதமாவது படி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், பக்கத்தில் நின்றுகொண்டு எழுதினேனா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்.

ஒன்று மட்டும் மறக்காதே. படகு சனிக்கிழமை வருகிறது. நாளை யாரும் வராவிட்டால் இந்தக் கையுறையை மெழுகுத் தாளில் சுற்றி இந்தக் கடிதத்தோடு கட்டி அனுப்புகிறேன். பிரித்ததும் உன் பெட்டியில் பார். இடது, வலது இரண்டும் அங்கே இருந்தால் இதைக் கடலில் எறிந்துவிட்டு என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது, அதைவிட நல்ல கடிதம் எனக்கு வரப்போவதில்லை. ஒன்றுதான் இருந்தால் எழுத வேண்டாம், நான் எதுவும் கேட்கமாட்டேன். இதை மாட்டிக்கொண்டு வா, கை குளிரும். எந்த நாளாக இருந்தாலும் சரி, எந்த முகமாக இருந்தாலும் சரி, நீ திரையைப் போட்டுக்கொண்டு வந்தால் நான் முதல் வார்த்தையிலேயே உன் பெயரைச் சொல்லிவிடுவேன்.

உன் வருகையைப் பார்த்திருக்கும்
அம்மா,
டோர்கஸ்.