வரிசைக்கு ஏழு சீட்

செம்பூர், மும்பை,
ஜூலை 9

தம்பி சாஜனுக்கு,

அக்கா ரோசம்மா எழுதுகிறேன். தோஹாவில் நீ நலமாக இருப்பதை உன் வீடியோக்களே காட்டுகின்றன, அதனால் விசாரிக்கவில்லை. மூன்று வாரமாக நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் விடுகிறாய். பக்கத்து வீட்டு சஃப்ரீனின் கணவர் வியாழக்கிழமை தோஹா திரும்புகிறார். இதை உன் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தாளை வாங்கிய பிறகு பார்க்கவில்லை என்று நீ சொல்லமுடியாது.

என் மகள் லிசாவை வாஷி ஆபீஸில் வேலையிலிருந்து நிறுத்திவைத்து இன்றோடு இருபத்தாறு நாள். விசாரணை முடியும்வரை வரக்கூடாதாம். அடையாள அட்டையையும் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு, ஒரு செக்யூரிட்டி ஆளைக் கூட அனுப்பி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். நான்கு வருடம் வேலை பார்த்த இடம். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுத நீ வாசிக்கவேண்டும். மே மாத லீவில் வந்து ஐந்து நாள் எங்களோடு தங்கினாய். வந்த அன்றே அவளுடைய லேப்டாப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். அந்த வெளிநாட்டுக் கம்பெனி நடுத்தர அளவில் புது விமானம் கொண்டுவரப் போகிறதாமே, அதற்கு உங்கள் ஆபீஸில்தான் படம் வரைகிறார்களாமே என்று கேட்டாய். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, "மாமா, வேற என்ன வேணா கேளுங்க, அத மட்டும் கேக்காதீங்க" என்றாள். நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அப்பாவும் சாயங்காலப் பூசைக்குப் போயிருந்தார்கள். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். நீ அடுப்படி வாசலில் நின்று, லிசா ஏதோ சின்ன வேலைதான் பார்க்கிறாள்போல, அதான் சொல்ல வெட்கப்படுகிறாள் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நான்தான் சொன்னேன், சாஜன். வரிசைக்கு ஏழு சீட், நடக்க இரண்டு வழி, கழிப்பறைகள் பின்னால் இல்லாமல் நடுக்கதவுக்குப் பக்கத்தில், எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு சனிக்கிழமை சீட் வரிசையை எல்லாம் விளக்கிவிட்டு, அந்தக் கழிப்பறை அளவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, கையில் தலையணையைப் பிள்ளைபோல் கொடுத்து, அதற்குள் திரும்ப முடிகிறதா என்று என்னை நிற்கவைத்துப் பார்த்தாள் லிசா. இடிக்கிறது என்றேன். அதை எழுதிக்கொண்டு போனாள். என் மகள் வரைந்த இடத்தில் உலகம் முழுக்க ஆட்கள் உட்காரப் போகிறார்கள் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையைக் கிளறத் தெரிந்துதான் நீ அப்படிப் பேசினாய்.

வெளியே சொல்லக்கூடாது என்று உன்னிடமும் சொன்னேன். கரண்டி கையில் இருக்கும்போதே மூன்று தடவை சொன்னேன். நீ தலையை ஆட்டினாய்.

ஜூன் முதல் வாரம் யூடியூபில் உன் விமான வீடியோ வந்தது. மற்றவர்கள் எல்லாம் யூகிக்கிறார்கள், என்னிடம் நவி மும்பையிலிருந்து உள்தகவல் இருக்கிறது என்று சொல்லி, கழிப்பறை எங்கே வரும் என்பதுவரை படம் போட்டுக் காட்டினாய். வாஷி போகும் ரயிலில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி அதை லிசாவுக்குக் காட்டியிருக்கிறாள். போன வருட ஈஸ்டருக்கு நீயும் லிசாவும் எடுத்த போட்டோ லிசாவின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே இருக்கிறது. ஆபீஸில் கண்டுபிடிக்க ஒரு வாரம்தான் ஆனது.

லிசா உனக்குப் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன். "யூகம்னுதான போட்டிருக்கேன், உன் பேர எங்கயாவது சொன்னேனா?" என்றாய். சரி, பயத்தில் பேசுகிறாய் என்று நினைத்தேன். நான்காம் நாள் இன்னொரு வீடியோ போட்டாயே, அதற்கு என்ன பெயர்? தகவல் பொய்யென்றால் எதற்கு ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தவேண்டும், இதிலிருந்தே தெரியவில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். உன் அக்கா மகள் சாப்பிடாமல் கிடந்ததை நீ அத்தாட்சியாகக் காட்டினாய். அதன் கீழே ஆயிரக்கணக்கான பேர் உன்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் அந்தக் கம்பெனியே சொல்லிவிட்டது, அப்படி ஒரு விமானம் செய்யும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, வரைந்து பார்த்த பல படங்களில் அதுவும் ஒன்று என்று. நீ மறுநாளே வேறு கம்பெனியின் வேறு விமானத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். லிசா இங்கேயேதான் இருக்கிறாள்.

இனி என் பாவத்தையும் கேள். யார் சொன்னது என்று லிசா வீட்டில் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சாக்பீஸ் கோடுகளை உன் அத்தானும் பார்த்திருந்தார். தன் கடைக்கு வருகிற போகிறவரிடமெல்லாம் மகளைப் பற்றிப் பேசுகிறவர், அவர்தான் உளறியிருப்பார் என்று அவள் முடிவு கட்டினாள். அவர் பைபிள்மேல் கை வைத்துச் சொல்லியும் நம்பவில்லை. இருபது நாளுக்கு மேல் அவள் அப்பாவோடு பேசவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளி அறையில் தனியாகச் சாப்பிட்டார். நான் இரண்டு பேருக்கும் பரிமாறிக்கொண்டு சும்மா இருந்தேன். இதை நீ செய்ததாகச் சொல்லமாட்டேன்.

முந்தாநாள் ரயிலேறி வாஷிக்குப் போனேன். லிசாவின் மேலதிகாரி கீதா மேடத்தைப் பார்க்கவேண்டும் என்று வரவேற்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்களும் தமிழ்தான். பொறுமையாகக் கேட்டார்கள். உங்கள் வார்த்தை மட்டும் போதாது, தாய் மகளைக் காப்பாற்றத்தான் பேசுவாள் என்று சொல்வார்கள், அதனால் உங்கள் தம்பியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்தால் விசாரணையில் வைக்கிறேன் என்றார்கள்.

திரும்பி வந்து இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். லிசா, "அப்பா அழுததப் பாத்துட்டும் சும்மா இருந்தியாம்மா?" என்றாள். அவ்வளவுதான். நேற்று அவள் அப்பாவோடு சாப்பிட்டாள். என்னோடு பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

லிசா எதையும் சொல்லவில்லை, அக்கா சொன்னாள், சொல்லாதே என்று கேட்டும் நான் போட்டேன் என்று எழுது. நான்கு வரி போதும். எழுதினால் அங்கே விமானம் பழுதுபார்க்கும் உன் வேலைக்கு ஆபத்து வரலாம் என்று உன் அத்தான் சொல்கிறார். வரலாம். எனக்கும் அது தெரிந்துதான் கேட்கிறேன். நீ கூடப்பிறந்தவன், உனக்குக் கெடுதல் நினைத்து ஒருநாளும் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்றாய். அந்தத் தாளை அனுப்பிவிட்டு வா, என்ன ஆனாலும் இந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு. அனுப்பாவிட்டால் வராதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். ஜெபமாலையில் உன் பெயரை நான் இன்னும் விடவில்லை, ஆனால் இப்போது லிசாவின் பெயருக்குப் பிறகுதான் சொல்கிறேன்.

உன் அக்கா,
ரோசம்மா சந்தியாகு