நாளைக்கு வாத்தியார்கள் முன்னால்

1956 மே 8, செவ்வாய் இரவு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்குப் பயிற்சி முகாம் நடக்கிறது. பர்கூர், போச்சம்பள்ளியிலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மோர் ஊற்ற நான் தினமும் போகிறேன். இரண்டு நாளாகப் பேச்சைக் கேட்டுப் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். முகாம் நடத்தும் டீச்சரம்மா இன்று என்னைக் கூப்பிட்டார். "படிப்ப ஏன் விட்டேன்னு நாளைக்கு நீயே சொல்லும்மா. அப்பத்தான் இவங்க நிமிர்ந்து உக்காருவாங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

முன்வரிசையில் என் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் இருக்கிறார். வீட்டில் பேசும் தெலுங்கில் பதில் சொன்னதற்காக என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி, எல்லாரையும் சிரிக்க வைத்தவர். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மோர் வாங்கும்போது பக்கத்திலிருந்தவரிடம், "படிப்ப விட்ட பொண்ணு ஒண்ணு பேசுதாமே. மண்டையில ஏறலன்னு சொல்லும், வேறென்ன?" என்று சிரித்தார். பிறகு என்னிடம், "யாரும்மா அது?" என்றார்.

"தெரியாதுங்க சார்."

பள்ளி திறந்ததும் தங்கை லட்சுமி அவர் வகுப்புக்குத்தான் போக வேண்டும். நான் பெயரைச் சொல்லாவிட்டாலும், பெஞ்சு என்றதும் தன்னைத்தான் சொல்கிறேன், நான் யார் என்று அவருக்குப் புரிந்துவிடும். லட்சுமிக்கும் தெலுங்குதான் முதலில் வாயில் வரும்.

ஆனாலும் முடியாது என்று டீச்சரம்மாவிடம் நான் போய்ச் சொல்லவில்லை. நாளைக்குப் பேசிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.