மூன்று பட்டைக் கல்

என் எப்சிக்கு, முழங்கால் சிராய்ப்பு ஆறுவதற்குள் போய்விட்ட என் தங்கைக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. சபைப் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்தில் போட நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் வருகிற எல்லாருமே பொறுமையும் சாந்தமும் நிறைந்தவர்களாக இருக்கிறார்கள். நீ அப்படி இருந்ததில்லை. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீ பாளையங்கோட்டையில் பி.டி. டீச்சர். நாற்பத்தோரு வயதில் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினாய். சனிக்கிழமைதோறும் முக்கூடல் பக்கத்துப் பொத்தைக்கு அதை எடுத்துக்கொண்டு போனாய். மலை என்று சொல்ல முடியாத, மேடு என்று ஒதுக்கவும் முடியாத ஒரு மொட்டைப் பாறைக் குன்று அது.

ஐரோப்பாவில் ஏதோ ஒரு பனிமலை ஊரின் வீடியோவை எனக்குப் போனில் காட்டினாயே, நினைவிருக்கிறதா? ஊரைச் சுற்றி மலை, மலை முழுக்கச் சைக்கிள் தடம்.

"நம்ம பொத்தைக்கு என்னக்கா குறைச்சல்?" என்று கேட்டாய்.

"அங்கன புல்லு, பசுமாடு. இங்கன உடைமுள்ளும் வெயிலும். டயரு ஒரு நாள் தாங்காது."

"முள்ளு குத்தினா அடைக்கதுக்கு டயருக்குள்ள ஊத்துத மருந்து இருக்கு. உன் வாயை அடைக்கத்தான் ஒண்ணும் கிடைக்கல."

இரண்டு வருடத்தில் பொத்தையைச் சுற்றி ஒரு தடம் போட்டுவிட்டாய். ஆடு போன வழியைப் பிடித்து, முள்ளை வெட்டி, மண் சரிகிற இடத்தில் கல் அடுக்கி. அடிவாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் முதலில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏட்டி, டீச்சர் மறுபடியும் விழுந்துட்டாவ. மஞ்சத்தூளு எடுத்துட்டு ஓடு" என்று ஒருத்தி கத்தியதை நீயே நடித்துக் காட்டியிருக்கிறாய். அந்த ஒருத்தி பேச்சியம்மாள். அடுத்த வருடம் சேலைக்குள் மகனுடைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு முதலில் சைக்கிள் ஏறியவளும் அவள்தான். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள்.

பிறகு கல் விஷயம். அந்தப் பனிமலை ஊரில் தடம் எவ்வளவு கடினம் என்பதை நிறத்தில் குறிப்பார்கள் என்று படித்திருந்தாய். நீயும் பதினொரு கல் நட்டாய். எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தாய். கொஞ்சம் கடினமான இடத்தில் ஒரு காவிப்பட்டை, அதைவிடக் கடினத்துக்கு இரண்டு. ஏழாவது கல்லுக்கு மட்டும் மூன்று. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் சரேலென்று இறங்கும் வளைவு அது.

வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடித்தால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று, மிஷன் காம்பவுண்டில் வளர்ந்த நம் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. அது தோன்றியது பொத்தையில் ஆடு மேய்க்கும் செல்லையா அண்ணாச்சிக்கு. இரண்டு நாளாகக் காணாமல்போன அவருடைய சினை ஆடு ஏழாவது கல்லை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. அன்று மாலையே அங்கே தேங்காய் உடைத்துவிட்டார். அடுத்த வாரம் கல்லில் மாலை விழுந்தது. அதற்கடுத்த வாரம் சந்தனம், குங்குமம்.

நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். "பாதிரியாரு பேத்தி சாமி நட்டுட்டா" என்றாய். அந்த வயிற்று வலி வேறு வலி என்று அப்போது தெரியவில்லை. அதன்பிறகு ஆறே மாதம்தான் இருந்தாய்.

சொல்ல வந்தது இனிமேல்தான். போன மாதம் பேச்சியம்மாள் போன் செய்தாள்.

"யக்கா, சாமியச் சுத்திச் சுவரு கட்டப் போறாவ. வார சனிக்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுதாவ. சுவரு வந்துட்டா தடம் அம்புட்டுத்தான். அந்த இடத்துல வேற வழி கிடையாது. நீங்கதான் வந்து பேசணும்."

எனக்கும் உன் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? நீ உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட நான் அங்கே வந்ததில்லை. வேலையற்ற வேலை என்றுதான் நினைத்தேன், உன்னிடம் சொல்லவும் செய்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இருபது வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவள், ஆதாரம் இல்லாமல் பேசுவதில்லை. உன் போனில் இருந்த படங்களைத் தேடி எடுத்தேன். நீ அந்தக் கல்லுக்குப் பட்டை அடித்துக்கொண்டிருக்கும் படம் இருந்தது. உன் நோட்டும் கிடைத்தது. "ஏழு: மூன்று பட்டை. ஆபத்தான இறக்கம்." இதைக் காட்டினால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

காலை ஏழு மணிக்கு முப்பது பேர் கல்லைச் சுற்றி நின்றார்கள். மண்வெட்டிகள் பாறையில் சாய்ந்திருந்தன. நான் வகுப்பு எடுப்பதுபோலப் பேசினேன். படத்தைக் காட்டினேன், நோட்டை வாசித்தேன். இது எச்சரிக்கைக் கல், இதை நட்டவள் என் தங்கை என்று முடித்தேன்.

செல்லையா அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "முடிச்சிட்டியளா, டீச்சரம்மா?"

"முடிச்சிட்டேன்."

"டீச்சர் பெயிண்ட் அடிச்ச கல்லுன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? காவியக் கரைச்சுக் குடுத்ததே என் வீட்டுக்காரிதான." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "நீங்க படிச்சவுக, சொல்லுங்க. எந்தக் கோயில்ல சாமியே எறங்கி வந்து வெள்ளையடிச்சிருக்கு?"

எப்சி, நான் நோட்டை மூடினேன். தடம் அங்கேயே முடிந்தது, முடித்து வைத்தது நான்தான் என்று நினைத்தேன்.

பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். "சாமிய யாரும் ஒண்ணும் சொல்லல, அண்ணாச்சி. நாங்க கேக்கது பாதை."

"பாதைய நான் எங்க மறிச்சேன்? செருப்புக் காலோட, சாமி முன்னால சர்ரு சர்ருன்னு போறாவ. போன வாரம் டவுன்ல இருந்து நாலு பேரு வந்து, குத்துவிளக்கையே தட்டி விட்டுட்டுப் போயிட்டானுவ. அதுக்குத்தான் சுவரு."

"எங்கள்ல ஒருத்தி அப்படிப் போனாளா? டீச்சர் போனாவளா? நெஞ்சுல கை வச்சுச் சொல்லும்."

அண்ணாச்சி, "இல்ல. அந்தப் பிள்ள அப்படிப் போனதில்ல" என்றார்.

பேச்சியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மாலை விழுந்த நாளிலிருந்து நீ அந்த வளைவில் ஒரு தடவைகூடச் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகவில்லை. இறங்குவாய். ஷூவைக் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிடுவாய். பத்தடி தள்ளிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறுவாய். உன்னைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். டவுனிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் அதைச் சொல்ல நீ இல்லை.

என்னிடம் சிரித்துச் சொன்னவள், இதை ஏன் சொல்லவில்லை?

அண்ணாச்சி கல்லையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சுவரு வேண்டாம்லே" என்றார் மண்வெட்டிக்காரர்களிடம். "இங்கன ஒரு கல்லு, அங்கன ஒரு கல்லு. நடுவுல எவனா இருந்தாலும் எறங்கித்தான் போணும். எவனாவது எறங்கலன்னா அவன் சைக்கிள என் ஆட்டுக் கொட்டில்ல கட்டிப்போடுவேன்." பிறகு என்னிடம் திரும்பினார். "டீச்சரம்மா, அந்தக் கல்லு ரெண்டுக்கும் என்ன கலரு அடிக்க?"

"நீலம்" என்றேன் அவசரமாக. முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பேச்சியம்மாள் எடுத்த படத்தில் தெரிகிறது.

கூட்டம் கலைந்த பிறகு வளைவின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். மூன்று பட்டை ஏன் என்று புரிந்தது. தடத்தில் எல்லா இடத்திலும் யாராவது விழுந்திருக்கிறார்கள். இந்த வளைவில், மாலை விழுந்த பிறகு, ஒருவரும் விழவில்லை. நீ இறங்கியது சாமிக்காகவா, செல்லையா அண்ணாச்சிக்காகவா, இந்தப் பள்ளத்துக்காகவா? வீட்டுக்கு வந்து நோட்டை மறுபடி பார்த்தேன். ஏழாவது கல்லின் குறிப்புக்குக் கீழே வேறு மையில் ஒரு வரி: "இனி எல்லாரும் இறங்குவார்கள்." அதில் இருப்பது நிம்மதியா, குறும்பா? கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "உங்க தங்கச்சி ஏதோ சாமி வச்சாங்களாமே?" என்று கேட்டார். முன்பென்றால் பேச்சை மாற்றியிருப்பேன். "ஆமா. அதுக்கு முன்னால ஒரு தடம் போட்டா. ஒன்பது பொம்பளைங்க அதுல சைக்கிள் ஓட்டுதாங்க. வந்து பாருங்க" என்றேன். என் முனைவர் பட்டத்தைப் பற்றிக்கூட நான் யாரிடமும் அந்தக் குரலில் சொன்னதில்லை.

உன் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. சீட்டை இரண்டு அங்குலம் இறக்கியிருக்கிறேன். பேச்சியம்மாள்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறாள். "பைய, யக்கா, பைய. பிரேக்க ரெண்டையும் சேத்துப் பிடிங்க" என்கிறாள். இதுவரை மூன்று தடவை விழுந்திருக்கிறேன். மஞ்சள்தூள் தயாராக இருக்கிறது.

வருடந்தோறும் ஐப்பசி மழை ஓய்ந்ததும் உன் கல் பத்துக்கும் நானே வெள்ளையும் காவியும் அடிப்பேன். ஏழாவதை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்களாம், நான் தொடக்கூடாதாம். நீலக் கல் வந்ததும் இறங்குவேன். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவேன். கும்பிட மாட்டேன், அது உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்தடியும் உன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் போவேன்.

உன் தடத்தில் கடைசியாக வந்து சேர்ந்த,
உன் அக்கா மெர்சி