கம்பவுண்டருக்கு ஊர்ச் சம்பளம்

3-2-1964, திங்கள்
கடலூரே இருமுகிறது. மிக்ஸ்சர் பாட்டில்களில் வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதம் வெட்டி ஒட்டி விரலெல்லாம் பசை. ஒரு மணிக்கு வழக்கம்போல டாக்டர் வீட்டம்மா ஞானாம்பாள் அக்கா உள்ளேயிருந்து, "சபாபதி, சோறு ஆறிப்போவுது" என்று குரல் கொடுத்தார்கள். எனக்குக் கத்தரிக்காய் சேராது என்று தனியாக வாழைக்காய் வறுத்திருந்தார்கள். அம்மா போன பிறகு என்னைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவது இந்த ஒரு வீடுதான்.

6-2, வியாழன்
கல்யாணத் தரகர் ராஜமாணிக்கம் கிளினிக்கிற்கே வந்துவிட்டார். சம்பளம் அறுபது ரூபாய் என்று சொன்னால் பெண் வீட்டார் ஜாதகத்தைக் கையில்கூட வாங்க மாட்டார்களாம். இனி என்ன அவசரம் என்று சிரித்தேன். அறைக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை.

8-2, சனி
மருந்து எடுக்கச் சிதம்பரம் போனேன். சனிக்கிழமை மொத்தக் கடையில் சுற்றுவட்டாரக் கம்பவுண்டர்கள் எல்லாரும் காத்துக் கிடப்போம். பேச்சு சம்பளத்துக்கு வந்தது. சேத்தியாத்தோப்புக்காரர் நூற்றுப் பத்து என்றார், அண்ணாமலை நகர்க்காரர் நூற்று முப்பது. என் முறை. வாய் கூசியது. தொண்ணூறு என்று அடித்துவிட்டேன்.

காட்டுமன்னார்கோயில் நஸ்ருதீன் என் தோளில் கை வைத்தார். "தொண்ணூறுதானா? நல்லா ஏமாத்துறாங்க மச்சான் உன்ன. எங்க போனாலும் நூத்தி இருவது குடுப்பாங்க."

ஏற்றிச் சொன்ன பொய்க்கே இப்படி இரக்கப்படுகிறார்கள். ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்பது வருஷமா— என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தேன் நான்?

11-2
டாக்டரிடம் கூட்டிக் கேட்க வேண்டும். வாய் வரவில்லை.

2-3, திங்கள்
கேட்டுவிட்டேன். டாக்டர் ராமாமிர்தம் கோபப்படவில்லை. வெளியில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்றார். சொன்னேன்.

"அவுங்கள்லாம் மத்தியானம் எங்க சாப்புடுறாங்க?"

தெரியவில்லை. அன்று நாங்கள் யாரும் அதைப் பேசவில்லை.

"சரி, இந்த மாசத்துலேருந்து நீயும் அதையே வாங்கிக்க" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நூற்று இருபது! அறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கேட்க ஆளில்லை.

3-3, செவ்வாய்
மணி ஒன்று. உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது, ரசம் மணத்தது. என்னைக் கூப்பிடும் குரல் மட்டும் வரவில்லை. பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரைக்கு அக்கா இந்தப் பக்கம் வந்தவர்கள், "இன்னும் சாப்புடப் போவலியா சபாபதி?" என்றார்கள். பாசமாகத்தான் கேட்டார்கள். அதுதான் தாங்கவில்லை.

சோற்றையும் சேர்த்துத்தான் இத்தனை வருஷமும் சம்பளம் போட்டிருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நான்தான் அதைச் சம்பளம் என்று நினைக்காமல் இருந்துவிட்டேன். அழுகை வந்தது.

4-3
பசி இல்லை.

9-3, திங்கள்
தரகர் இரண்டு ஜாதகம் கொண்டுவந்தார். இப்போது தைரியமாகப் பேசலாமாம். தலையாட்டினேன்.

மதியம் ஸ்டேஷன் எதிரே ஓட்டல். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் இலை நிறையக் கத்தரிக்காயை வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. சாப்பிட்டேன். கையெல்லாம் அரிக்கிறது, எழுத முடியவில்லை.