கேட்பது மேனேஜரா, டிசைனரா?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

ஆபீசில் ஒரு சின்ன வேடிக்கை. ஆஸ்பத்திரி நர்சுகளுக்காக நாங்கள் செய்யும் செயலிக்குத் திரை வரைவதும் நான்தான், குழுவை நடத்துவதும் நான்தான். வெளியிடுவதற்கு முன் எல்லோரையும் கூட்டி, "குறை இருந்தா மனசு விட்டுச் சொல்லுங்க" என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் செயலியைச் சோதித்துப் பார்ப்பவர், "கேக்கிறது மேனேஜரா, டிசைனரா? டிசைனர் மேல இருக்கிற குறையை மேனேஜர்கிட்டதான் சொல்லணும். ரெண்டும் நீங்களே இருந்தா நாங்க எங்க போறது?" என்றார்.

கூட்டத்தை அவரையே நடத்தச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். பிறகுதான் கொட்டினார்கள். சோதனைக்குக் கொடுத்த இடத்தில், மருந்து வேளைக்கு அடிக்கும் அலாரத்தை நிறுத்துவதற்காக நர்சுகள் 'சரி' என்ற பொத்தானைத் தட்டுகிறார்கள். உடனே, கொடுக்காத மருந்தும் கொடுத்தாயிற்று என்று பதிவாகிவிடுகிறது. நான் வரைந்த பொத்தான்.

வெளியீட்டை நிறுத்திவிட்டேன். முதலாளி நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். இங்கே வாங்கியது உடம்பில் குத்துகிறது.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். முட்டியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "சரியாயிடுச்சும்மா" என்கிறீர்களே, அதுவும் அலாரத்தை நிறுத்தத்தானா? பணம் அனுப்புகிறவளிடம் சொல்லத் தயக்கமாக இருக்கலாம். இப்போது கேட்பது மகள்.