துணி அறைக்குத் தள்ளுகதவு

அக்கா,

இன்று காலையில் துணி அறைக் கதவு பாதியில் நின்றுவிட்டது. உருளைக்கு விளக்கெண்ணெய் விட்டேன். இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை விரலில் ஒட்டிக்கொண்டது. கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நீங்க போய் வருஷம் திரும்பப்போகிறது. ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த நமக்குள் பேசிக்கொள்கிற பேச்சை வேறு யாரிடமும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

மாடிப்படிக்கு அடியில், அழுக்குத்துணி போட்டுவைக்கும் அந்தச் சின்ன அறைக்கு முன்பு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. நம் வீட்டு நடையோ ஓர் ஆள் அகலம். சலவைக்குத் துணி எடுக்கும் நாளில் யாராவது கதவைச் சாத்த மறந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது எரிச்சல், உங்களுக்குக் காயம். கண்ணில் புகை படர்ந்த பிறகு நீங்க சுவரைத் தடவித்தானே நடந்தீங்க. கதவு விளிம்பு நெற்றியைக் கிழித்த அன்று நான் மஞ்சள் வைத்து அழுத்தும்போதுதான் சொன்னீங்க.

"ஏத்தா, எம் புருசனுக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சா கோச்சடையில இருக்கிற அவரு தங்கச்சியக் கூட்டியாந்து அடுப்படியில விட்ருவாரு. என்னைய மூலையில உக்கார வச்சுச் சோறு போடுவாக."

ஆகவே உங்க வீட்டுக்காரரான மூத்தாரிடம் கதவு இடத்தை அடைக்கிறது என்று மட்டும் சொன்னீங்க.

"அழுக்கு மூட்டைக்கு எதுக்குக் கதவு? ஒரு சீலையத் தொங்கவிடுங்க" என்றார்.

"எலி உங்ககிட்ட உத்தரவு கேட்டுட்டா உள்ள போகும்?" என்றீங்க. ஆசாரிக்கு ஆள் போனது.

ஆசாரி, கதவை இரண்டாகப் பிளந்து நடுவில் கீல் போட்டால் மடிந்துகொள்ளும் என்றார். மடிந்தாலும் பாதி நடையில் நீட்டிக்கொண்டுதானே நிற்கும் என்றேன். உள்பக்கம் திறந்தால் துணிக்கூடை இடிக்கும். கடைசியில், ரயிலடி கூட்ஸ் ஷெட் கதவு மாதிரி மேலே இரும்புப் பட்டை அடித்து, உருளை மாட்டி, சுவரோரமாக ஓடவிடலாம் என்றார்.

"கைப்பிடி?" என்று கேட்டீங்க.

"பித்தளைக் குமிழ் வைக்கிறேன் தாயி. லச்சணமா இருக்கும்."

"லச்சணத்த வாசக்கதவுல வைங்க. இதுக்குப் பலகையிலயே குழி எடுத்துருங்க. ஒண்ணும் வெளிய நீட்டக்கூடாது."

"குழியில அழுக்கு சேருமே?"

"அழுக்குத்துணி அறைதானே ஆசாரியாரே, சேரட்டும்."

கதவு ஏறியதும் நடை நேரானது. நீங்க கைவீசி நடந்தீங்க.

வெள்ளிக்கிழமை வந்தது. நிலைக்கும் கதவுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது மூத்த மருமகள் வேலை. நீங்க திறந்துவைத்த கதவை யாரோ மூடிவிட்டிருக்கிறார்கள்; அது உங்களுக்குத் தெரியவில்லை. நான் வந்து பார்த்தபோது, திறந்த கதவு போய் நிற்கிற வெறுஞ்சுவரில், சுண்ணாம்பின் மேல், மஞ்சளும் குங்குமமும் வரிசையாக இருந்தன. கதவில் ஒரு பொட்டு இல்லை.

முந்தானையை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனேன். பின்னால் மூத்தார் நின்றிருந்தார். என்னிடம் நேருக்கு நேர் பேசாதவர். சுவரைப் பார்த்தார். அடுப்படியில் நீங்க தாளிக்கிற சத்தம் கேட்டது.

"துடைக்க வேணாம்" என்றார். கதவைச் சத்தமில்லாமல் தள்ளி, பொட்டுகள் மறையும்படி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். அன்றைக்கு, வழக்கமில்லாமல், குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

அடுத்த வெள்ளியிலிருந்து, நீங்க மஞ்சள் கிண்ணத்தோடு வருவதற்கு முன்பே அவர் வந்து கதவைத் திறந்துவிட்டுப் போவார். உங்க விரல் பலகையில் பட்டது. தங்கச்சியைக் கூட்டிவரும் பேச்சே வீட்டில் எழவில்லை. படுக்கையில் விழுகிற வரைக்கும் அடுப்படி உங்க கையில்தான் இருந்தது. அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? நான் கேட்கவில்லை.

வருவது யாரென்று உங்களுக்குத் தெரியட்டும் என்று நடையில் கால் வைக்கும்போதெல்லாம் "நான்தேன் வாரேன்" என்று குரல் கொடுத்துப் பழகினேன். இப்போதும் அது வாயில் வந்துவிடுகிறது. எதிரே யாரும் இல்லை. சொல்லிவிட்டு, சுவரோடு ஒதுங்கி நின்று, நீங்க தாண்டிப் போகிற நேரம் விட்டுத்தான் நடக்கிறேன்.